பால் காய்ச்சாத குசினி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாயே, அன்றிலிருந்து உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு நல்ல வீடு. வெளிச்சம் இருக்கிறது, காற்று இருக்கிறது. பாரிசுக்குப் போன பதினோராவது வருடத்தில் உனக்கென்று ஒரு கதவும் அதைப் பூட்டித் திறக்க ஒரு திறப்பும் கிடைத்ததைப் பார்க்க உன் அம்மா இல்லையே என்றுதான் முதலில் அழுகை வந்தது. பிறகு குசினியைக் காட்டினாய். நீயே உன் கையால் அளந்து, பலகை அறுத்து, பொருத்திப் பூட்டிய குசினி. வெள்ளை அலுமாரிகள், கல் பதித்த மேடை, அலுமாரிக்குள்ளே சுவரோடு சேர்த்துப் பதித்த மைக்ரோவேவ். அதன் கதவில் ஒட்டியிருந்த பொலித்தீன் இன்னும் உரிக்கப்படவில்லை. "ஏன் தம்பி, உதை உரிக்கேல்லையோ?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நீங்கள் வந்து பால் காய்ச்சினாப் பிறகுதான் அப்பா எல்லாம். அதுவரைக்கும் உந்தக் குசினியை நாங்கள் தொடமாட்டம். கீழை நிலவறையிலை ஒரு சின்னக் கறண்ட் அடுப்பு வைச்சுச் சமைக்கிறம்" என்றாய். நீ சொல்லி முடிக்கவில்லை, உனக்குப் பின்னால் நிலவறைப் படியால் மருமகள் ஏறி வந்தாள். ஏழு மாத வயிறு. துணி சுற்றி இரண்டு கையாலும் பிடித்த சட்டி, அதிலிருந்து ஆவி. படி கண்ணுக்குத் தெரியாமல் காலால் தடவித் தடவி ஏறினாள். நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். லைன் அறுந்துபோனது என்று பிறகு உனக்குச் சொன்னது பொய்.

அது சின்னப் பொய். அதைவிடப் பெரிய பொய்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். "என்னப்பா, சாப்பிட்டியளோ?" என்று நீ கேட்டவுடன் சாப்பாட்டுக் கதையைக் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதி, பக்கம் பக்கமாக நானே படம் பிடித்து அனுப்புவேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். என் விசாவை இரண்டாம் தரமும் மறுத்துவிட்டார்கள். பதில் வந்து பத்து நாளாகிறது, அதையும் உனக்கு ஒளித்தேன். இனி எப்போது கிடைக்கும், கிடைக்குமோ என்பதே தெரியாது. ஆகவே எனக்காகக் காத்திருக்காதே. இதை வாசித்த கையோடு பால் காய்ச்சு. அப்பா வாயால்தான் சொல்கிறார், மனதுக்குள் ஆசை இருக்கும் என்று நீ நினைப்பாய். நீ உன் அம்மாவின் பிள்ளை. நீ அப்படி நினைத்து இன்னும் ஒரு மாதம் பொறுப்போம் என்று இருந்துவிடக் கூடாது என்றால், நான் முழுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். சொன்ன பிறகு நீ என்னோடு கதைப்பாயோ தெரியாது. அந்தப் பயத்திலேதான் ஒரு வருடத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நீ அங்கே குசினி பூட்டுகிற வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவுக்கு ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஊரார் குசினியெல்லாம் நான் பூட்டுறன் அம்மா. என்ரை அம்மா மட்டும் புகைக்குள்ளை கிடந்து இருமுறா." அவள் அன்றைக்கு அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு நீ விடவில்லை. எங்கள் பழைய குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக, முற்றம் தாண்டி நிற்கிறதே, அது வேண்டாம், வீட்டுக்குள்ளே சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அறையைக் குசினியாக மாற்றுவோம் என்று படம் கீறி அனுப்பினாய். தச்சுவேலைக்காரரைப் போனுக்கு முன்னால் நிற்கவைத்து, இங்கே துளை போடு, இங்கே காத்துப் போக இடம் விடு என்று அங்கிருந்தபடியே வேலை வாங்கினாய். மைக்ரோவேவ் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பார்க்க, "அம்மா, நேரா நிண்டு முழங்கையை மடக்குங்கோ. அப்பா, நிலத்திலையிருந்து முழங்கை வரைக்கும் அளவுங்கோ" என்றாய். நான் நாடா பிடித்தேன். "என்ன, எனக்குச் சட்டை தைக்கப் போறியளோ?" என்று அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் இரண்டு தரம் அளவு பிசகியது. பென்சிலால் சுவரில் கீறின கோடு இன்றைக்கும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

மேடைமேல் தூக்கி வைக்கிற பெட்டி ஒன்று வாங்கினால் போதாதா, எதற்கு இந்தச் சுவரை உடைக்கிற வேலை என்று நான் எரிந்து விழுந்தேன். நீ பொறுமையாகச் சொன்னாய். அம்மாவுக்கு மணிக்கட்டு இரண்டும் வாதத்தால் வீங்கியிருக்கிறது, அவவால் சட்டி தூக்க ஏலாது. மேடைமேல் பெட்டி வைத்தால் தேங்காய் திருவவும் மரக்கறி வெட்டவும் இடம் இருக்காது, வயர் ஒன்று கைக்குக் குறுக்கே தொங்கும். முழங்கை உயரத்தில் பதித்து, அதே மட்டத்தில் கீழே பலகை வைத்தால் குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம், கோப்பையை இழுத்து அப்படியே பலகையில் வைக்கலாம். நெருப்பு இல்லை, சீலையில் பற்றாது. புகை இல்லை, இழுப்பு வராது. மறந்துபோய் விட்டாலும் அது தானாக நின்றுவிடும். கடவுளாணை தம்பி, நீ சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பிழை எல்லாம் உன் அப்பனிடம் இருந்தது.

சித்திரை முடிய வேலை முடிந்தது. தச்சுவேலைக்காரர் போனவுடன் உன் அம்மா பொலித்தீனை நகத்தால் கிள்ளினாள். நான் கையைத் தட்டிவிட்டேன். "இஞ்சேரும், தொடாதையும். அவன் தன்ரை உழைப்பிலை பூட்டின குசினி. அவன் வந்து பால் காய்ச்சட்டும், அதுக்குப் பிறகு எடுத்துப் பாவியும்" என்றேன். நீயும் அப்போது ஆடியில் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாய். இரண்டு மாதம்தானே என்று அவளும் பேசாமல் இருந்தாள். பிறகு உன் வதிவிடக் காட் புதுப்பிக்கக் கொடுத்தது வரவில்லை, அது இல்லாமல் நீ வெளிக்கிட ஏலாது. ஆடி தீபாவளியாகியது, தீபாவளி தைப்பொங்கலாகியது. அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை, இதை இரண்டாம் தரம் வாசி, உன் குற்றம் ஒன்றும் இல்லை. தள்ளிப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கே நான் மனதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. சொன்ன சொல்லை மாற்றினால் கௌரவம் போய்விடும் என்று ஒரு விசர்.

நான் யார்? முப்பது வருடம் கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஓட்டியவன். ஓடி வருகிற சனத்தைக் கண்ணாடியில் கண்டாலும் நேரம் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடி வந்தாள், அவளையும் விட்டுவிட்டுப் போனேன். வீட்டுக்காரியை விட்டிட்டுப் போன டிறைவர் என்று ஊரே என்னைப் பகிடி பண்ணியது. அவள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, "உங்களுக்குப் பெஞ்சாதியைவிட மணிக்கூடுதான் பெரிசு" என்று சொன்னதோடு சரி, வேறு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. குசினி சும்மா கிடந்த காலத்தில் ஒருநாள் தன் தங்கச்சிக்குச் சொல்வதுபோல எனக்குக் கேட்கச் சொன்னாள்: "பஸ்ஸிலை எனக்கு ஒரு நிமிசம் நிண்டு தராத மனுசன், இப்ப ஒரு பெட்டிக்கு மாசக்கணக்கா நிக்கிறார்." உன் சின்னம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அதில் என்ன சிரிப்பு இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்பாய், "அம்மா, மைக்ரோவேவ் பாவிக்கிறியளோ? கை நோ குறைஞ்சிருக்கோ?" உனக்கு மனவருத்தம் வரக்கூடாது என்று நான்தான் அவளை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். "ஓம் ராசா, உதிலைதான் எல்லாம் சூடாக்கிறன். நல்ல வசதியாக் கிடக்கு" என்பாள். பொலித்தீன் தெரியாமல் இருக்கப் போனைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பது என் வேலை. அவள் உண்மையில் அதைப் பாவித்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். எறும்பு ஏறாது என்று கண்டுபிடித்து, உனக்கென்று தட்டையாகச் சுட்ட, கிழமைக்கணக்கில் கெடாத பருத்தித்துறை வடையைத் தகர ரின்னில் போட்டு அதற்குள் வைத்துப் பூட்டுவாள். நீ வருவதாகச் சொன்ன மாதம் தள்ளிப்போனால் பழையதை எடுத்து எனக்குத் தந்துவிட்டுப் புதிதாகச் சுட்டு வைப்பாள். நீ அனுப்பிய அத்தனை வசதியிலும் அவளுக்குக் கிடைத்தது எறும்பு வராத ஒரு அலுமாரி.

அவள் என்னைக் கேட்காமலும் இல்லை. ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் கேட்டாள். "இஞ்சேருங்கோ, நாங்கள் ரெண்டு பேரும் இப்ப ஒருக்காப் பாலைக் காய்ச்சுவம். அவன் வரேக்கை திரும்பவும் ஒருக்காக் காய்ச்சுவம். பால் கோவிக்குமே?" நான், விசர்க்கதை கதையாதையும் என்றேன். "சரி, அடுப்பை விடுங்கோ. உது நெருப்பில்லாத அடுப்பு. உதுக்கும் ஏன் பால் காய்ச்ச வேணும்?" என்றாள். சூடு வந்தால் அடுப்புத்தான் என்று நான் பெரிய நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொன்னேன். எவ்வளவு சுலபமான வழி, பார் தம்பி! இரண்டு தரம் காய்ச்சினால் என்ன குறைந்துபோகும்? அரைப் போத்தல் பால். அவளுக்குத் தெரிந்த அந்த வழி எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கார்த்திகை மாதம், பின்னேரம், தூறல். நான் சந்தியில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் பிந்தி வந்தேன். மேசையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மூடி வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் இருந்த கதிரையிலிருந்து மைக்ரோவேவ் நாலு எட்டுத் தூரம். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உதிலை ஒரு நிமிசம் வைக்கட்டே?" என்று கேட்டாள். "பிள்ளை வரட்டும் எண்டெல்லே சொன்னனான்" என்றேன். அவள் சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் பழைய குசினிக்குப் போனாள். சூடாக்கித் திரும்பி வரும்போது பாசி பிடித்த சீமெந்துப் படியில் வழுக்கினாள். சட்டியை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருக்கலாம். விடவில்லை. எனக்குச் சொதி இல்லாமல் போய்விடும் என்று பிடித்துக்கொண்டே விழுந்திருக்கிறாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கொதித்த சொதி நெஞ்சிலும் கையிலும் ஊற்றுப்பட்டு, இடுப்பு உடைந்து, மழைக்குள்ளே கிடந்தாள். "சட்டி உடைஞ்சு போச்சப்பா" என்றுதான் முதலில் சொன்னாள்.

உனக்கு நான் சொன்னது, அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டா என்று. கை வெந்ததைப் போர்வையால் மூடிவிட்டுத்தான் ஆஸ்பத்திரியில் உனக்குப் போனைக் காட்டினேன். ஐந்து கிழமை படுத்த படுக்கை. பிறகு சளி நெஞ்சில் இறங்கியது. உன் சின்னம்மா மட்டும் உண்மை தெரிந்தவள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அத்தான், பால் காய்ச்ச நாள் பாத்துக்கொண்டிருந்தியள். இனி எதுக்கு நாள் பாக்கப் போறியள்?" என்று கேட்டாள். உன் அம்மாதான் அவளை அடக்கினாள். அன்று இரவு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தம்பியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் ஆசையாப் பூட்டினது. நான் பாவிச்சனான் எண்டே இருக்கட்டும்." ஓம் என்றேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை இன்றைக்கு உடைக்கிறேன். அவள் இருந்து, உன் பெண்சாதி படியேறியதைப் பார்த்திருந்தால் அவளே உடைத்திருப்பாள்.

காட் அப்போதும் வராததால் செத்த வீட்டை நீ போனில்தான் பார்த்தாய். எல்லாரும் போன பிறகு நீ எனக்குச் சொன்னதை மறந்திருக்கமாட்டாய். "எட்டு மாசமெண்டாலும் அம்மா புகையில்லாமல், நோவில்லாமல் இருந்தவ. அதாவது என்னாலை செய்ய முடிஞ்சுதே அப்பா." அதைச் சொல்லிச் சொல்லித்தான் நீ உன்னைத் தேற்றிக்கொண்டாய். ஆண்டுத் திவசத்தன்றும் அதையே சொன்னாய். தம்பி, அந்த எட்டு மாதமும் அவள் புகைக்குள்ளேதான் இருந்தாள். வீங்கின கையால்தான் சட்டி தூக்கினாள். உன்னிடம் இருந்த அந்த ஒரேயொரு ஆறுதலையும் நான் இப்போது பிடுங்கி எடுக்கிறேன். அடித்தாலும் கொன்றாலும் அது உன் உரிமை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார். நீ அனுப்பியது அவளுக்கு வந்து சேர்ந்தது. அவளுடைய முழங்கை உயரத்துக்குச் சரியாக வந்து நின்றது. நடுவில் நின்று மறித்தவன் நான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். போன ஞாயிறு உன்னோடு கதைத்த பிறகு நான் எழும்பிப் போய் அந்தக் கதவைத் திறந்தேன். அவள் போன பிறகு அதுதான் முதல் தரம். வடை ரின் இருந்தது. கடைசியாகச் சுட்டது, தைப்பொங்கலுக்கு நீ வருவாய் என்று முன்கூட்டியே சுட்டது. ஒன்றை வாயில் வைத்தேன், நாட்பட்ட எண்ணெய் மணத்தது, விழுங்க முடியவில்லை. ரின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பொலித்தீனை உரித்தேன். ஒரு மூலையில் அவள் நகத்தால் கிள்ளின இடம் அப்படியே இருந்தது, அதிலிருந்துதான் உரித்தேன். ஒரு கோப்பையில் பாலை ஊற்றி உள்ளே வைத்து, நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்தபடி பித்தானை அமத்தினேன். கண்ணாடிக்குள்ளே வெளிச்சம் வந்தது, தட்டுச் சுழன்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. பால் ஏறி ஏறி வந்து கோப்பையைத் தாண்டி வழிந்தது. "இஞ்சேரும், பொங்கிச்சு!" என்று கத்திவிட்டேன். வீட்டில் ஒருவரும் இல்லை. உண்மையிலேயே வசதியான சாமான்தான் தம்பி. குனியவில்லை, எட்டவில்லை, இழுத்து அப்படியே பலகையில் வைத்தேன். பலகை எனக்குக் கொஞ்சம் பதிவாக, கீழே தள்ளி இருந்தது. அது அவளுடைய உயரம்.

நீ தொழில் தெரிந்தவன், உனக்கு நான் குசினி படிப்பிக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உன்னுடையதைப் போனில் பார்த்தபோது சற்று உயரம்போலத் தெரிந்தது. உன் உயரத்துக்குப் பூட்டியிருக்கிறாய். மருமகளைக் கூப்பிட்டு முழங்கையை மடக்கச் சொல்லி ஒரு தரம் அளந்து பார். சூடான கோப்பை முகத்துக்கு நேரே வரக்கூடாது. தேவையென்றால் கழற்றி இறக்கு. நிலவறை அடுப்பை இன்றைக்கே எடுத்து ஆருக்கும் கொடுத்துவிடு. நல்லநேரம் பார்க்காதே, எனக்குப் போன் எடுத்துக் கேட்காதே, ஆர் வரவேண்டும் ஆர் வரவில்லை என்று எண்ணாதே. பால் பொங்கினவுடன் முதல் கரண்டி மருமகளுக்குக் கொடு. எப்போதாவது எனக்கு விசா கிடைத்து நான் அங்கே வந்தால், உன் அம்மா சொன்னதுபோலத் திரும்பவும் ஒருக்கால் காய்ச்சுவோம். பால் கோவிக்காது.

இதை வாசித்துவிட்டு நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். கதைக்கச் சொல்லிக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. பொலித்தீன் உரித்த கதவை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு. எழுத்து ஒன்றும் வேண்டாம், படம் போதும். அது வரும்வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குசினிக்குள்ளேதான் இருப்பேன்.

அப்பா